கோடிப்புறத்தால் வந்தவர்

லண்டன் ரீஜென்ட்ஸ் கால்வாயில் ஒரு நாரோபோட்டில் வசிக்கிறேன். நிலையான துறை இல்லாத படகு ஓரிடத்தில் 14 நாட்களுக்கு மேல் நிற்கக்கூடாது. 1995ஆம் ஆண்டுச் சட்டம். அது பழகிவிட்டது. பழகாதது கக்கூஸ் பெட்டி. 20 லீற்றர் அளவு கொள்ளும். நிரம்பினால் கரையோரமாக இழுத்துப்போய், கழிவு ஊற்றும் இடத்தில் நானே கவிழ்த்துக் கழுவவேண்டும்.

யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டில் வாளிக் கக்கூஸ். விடியப்புறம் ஒருவர் கோடிப்புறத்தால் வந்து எடுப்பார். அவருக்குத் தேத்தண்ணி சிரட்டையில்தான். சிரட்டையைத் தொடாமல் அம்மா உயரப் பிடித்து ஊற்றுவா.

“இப்ப உன்ரையை நீயே காவுறாய், கணக்குச் சரி” என்கிறான் நண்பன். சரியாகுமா? நான் காவுவது என்னுடையதை, கையுறையோடு. அலுத்தால் நாளைக்கே ஒரு ஃபிளாட்டுக்குப் போகலாம். அவர் காவியது எங்களுடையதை. தன் கழிவைத் தானே அகற்றுவது கடமை; அதைப் பிராயச்சித்தமென்று எழுதிக்கொள்வது களவு. கடன் அவருக்கு உரியது. அவரோ எங்கே, யாரோ.

ஊரிலிருக்கும் அக்காவிடம் அவருடைய பெயரைக் கேட்டேன். “ஆர் கேட்டது அப்ப?” என்றா. வாசலுக்கு வருமுன் இருமுவார், அது மட்டும் அவவுக்கு ஞாபகம்.