சகோதரரைச் சந்திக்கச் செல்லுகையில்



தாம் ஊழியம் செய்த சபைகளை மறுபடியும் சந்தித்து நலம் விசாரிக்கப் பவுல் வாஞ்சித்தார் (அப். 15:36). ரோமாபுரி விசுவாசிகளுக்கு வரங்களைப் பகிர்வதோடு, அவர்களால் தாமும் ஆறுதலடைய விரும்பினார் (ரோமர் 1:11,12).

வெளிநாட்டிலிருந்து வந்து, சித்தூர், திருப்பதி வழியே பயணம் செய்யும் தேவபிள்ளைகளே, அங்குள்ள கிராமச் சபைகளுக்கு என்ன நோக்கத்தோடு செல்லுகிறீர்கள்?

1853-இல் ஏற்பட்ட ஆற்காடு மிஷனின் ஊழியத்தலங்களில் சித்தூரும் ஒன்று. தென் ஆந்திரப் பகுதியில் ஹெர்மன்ஸ்பர்க் மிஷன் 1865-இல் ஊழியத்தைத் தொடங்கியது. முதல் உலகப்போர்க் காலத்தில் அதன் ஜெர்மானிய மிஷனரிகள் வெளியேற நேர்ந்தது. அமெரிக்க லுத்தரன் சபையார் பொறுப்பேற்றனர். மிஷனரிகள் மாறினார்கள், ஆராதனைக்குக் கூடிவந்த கிராமத்து விசுவாசிகளோ நிலைத்திருந்தார்கள். அச்சபை இன்று தென் ஆந்திர லுத்தரன் திருச்சபையாக, திருப்பதியைத் தலைமையிடமாகக் கொண்டு விளங்குகிறது.

ஆகவே, காணிக்கை உறையை நீட்டி, புகைப்படம் எடுத்துக்கொண்டு, உடனே புறப்பட்டுவிடாதிருங்கள். “வந்தனாலு” என்று தெலுங்கில் வாழ்த்தும் அவர்களோடு பாயில் அமர்ந்து, அவர்கள் சாட்சியைக் கேளுங்கள். உங்களுக்காக ஜெபிக்கும்படி அவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். மறுபடியும் வருவோம் என்று சொன்னால், தவறாமல் வாருங்கள்.

கொடுக்கச் சென்ற நீங்கள் நிரம்பித் திரும்பக் கர்த்தர் கிருபை செய்வாராக. ஆமென்.