அரிசி டிரம்முக்குப் பின்னால் ஒரு நோட்டு

மாதக் கடைசியில் அரிசி டிரம்மை நகர்த்திப் பெருக்கும்போது அந்த நோட்டு கிடைத்தது. பெரியவளுடைய கணக்கு நோட்டு. சுவருக்கும் டிரம்முக்கும் நடுவில் செருகி வைத்திருந்தாள். தொலைந்துபோனதென்று சொல்லி மூன்று நாளைக்கு முன்புதான் புதிது வாங்கியிருந்தாள். திறந்து பார்த்தேன். வகுத்தல் கணக்குகள், ஒரு பக்கம் முழுக்கத் தப்பு. அழித்து அழித்துத் தாளே கிழிந்திருந்தது. அப்போது அவளுக்கு எட்டு வயது. பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தி, வீட்டிலேயே வைத்துப் படிப்புச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கி ஏழு மாதம் ஆகியிருந்தது.

பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்தில் அவள் என்னிடம் எதையும் மறைத்ததில்லை. செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிடுவாள். மிஸ் திட்டினார்கள், மிஸ் என் நோட்டை எல்லாருக்கும் தூக்கிக் காட்டினார்கள், எனக்கு மட்டும் ஸ்டார் போடவில்லை. நான் தோசை வார்த்துக்கொண்டே கேட்பேன். பாதித் தோசையில் அழுகை நின்றுவிடும். இப்போது மிஸ்ஸே நான்தான். மிஸ்ஸைப் பற்றிக் குறை சொல்ல அந்தப் பிள்ளைக்கு வீட்டில் அம்மா இல்லாமல் போய்விட்டாள். நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு அடுப்படியில் உட்கார்ந்திருந்த அந்த அரை மணி நேரத்தில் எனக்கு விளங்கியது இவ்வளவுதான். அதற்குப் பிறகு நாங்கள் செய்த மாற்றங்களெல்லாம் அங்கிருந்து வந்தவை.

நாங்கள் இருப்பது கோபிசெட்டிபாளையத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். பெரியவள் மூன்றாம் வகுப்பில் இருந்தபோது தினமும் காலையில் அவளுக்கு வயிறு வலித்தது. டாக்டர் பார்த்தார், வயிற்றில் ஒன்றுமில்லை என்றார். ஞாயிற்றுக்கிழமை வலிப்பதில்லை. பள்ளியில் போய்ப் பேசினோம், இரண்டு முறை. மூன்றாவது முறை போகவில்லை, நிறுத்திவிட்டோம். அதைப் பற்றி இதற்குமேல் சொல்ல எனக்கு விருப்பமில்லை. ஒரு பள்ளிமேல் வந்த கோபம் பிள்ளையை வெளியே கொண்டுவரப் போதுமாக இருந்தது. வீட்டில் ஒரு நாளை நடத்த அந்தக் கோபம் உதவவில்லை.

முதல் ஏழு மாதமும் நான் செய்தது வீட்டுக்குள் ஒரு பள்ளிக்கூடம் கட்டியதுதான். ஒன்பது மணிக்குப் பாடம். கரும்பலகை. சுவரில் கால அட்டவணை. பத்தரைக்கு இடைவேளை. அதில் எனக்கு ஒரு நிம்மதி இருந்ததை மறுக்க மாட்டேன். யாராவது வந்து, பிள்ளை என்ன படிக்கிறாள் என்று கேட்டால் சுவரைக் காட்டலாம். ஆனால் கணக்கு போடும்போது அவள் நோட்டைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்தாள். ஏழு எட்டு ஐம்பத்து... என்று இழுத்து, என் புருவம் ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்த்து, அதற்கேற்ப ஆறா எட்டா என்று முடித்தாள். அமெரிக்காவில் ஐந்தாம் வகுப்பு ஆசிரியராக இருந்த ஜான் ஹோல்ட், பிள்ளைகள் ஏன் தோற்கிறார்கள் என்று 1964-இல் ஒரு புத்தகம் எழுதினார். விடை எங்கே இருக்கிறது என்று பிள்ளைகள் ஆசிரியரின் முகத்தில் தேடுவதைப் பக்கம் பக்கமாகக் குறித்து வைத்திருக்கிறார். பின்னாளில் பள்ளியைத் திருத்த முடியுமென்ற நம்பிக்கையை விட்டு, 1977-இல் வீட்டுக்கல்விக் குடும்பங்களுக்காகவே ஒரு பத்திரிகை தொடங்கினார். அவரைப் படித்துவிட்டுத்தான் நான் இந்த வழிக்கே வந்தேன். வந்த பிறகு, அவர் வகுப்பறையில் பார்த்த அதே முகம் பார்க்கும் பழக்கத்தை என் அடுப்படியில் நானே வளர்த்திருக்கிறேன்.

கரும்பலகையைக் கழற்றி மாட்டுக் கொட்டகைக்குக் கொடுத்தோம். பால் கணக்கு எழுத.

என் மாமியார் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தவர். அவர் ஐந்தாம் வகுப்போடு நின்றவர். அதற்குமேல் படிக்க நாலு மைல் நடக்க வேண்டும், பெண்பிள்ளை நடக்கக் கூடாது என்று நிறுத்திவிட்டார்கள். நாங்கள் பிள்ளையை நிறுத்திய அன்று அவர் சாப்பிடவில்லை. ராத்திரி திண்ணையில் வந்து உட்கார்ந்து சொன்னார்: "நாங்கெல்லாம் பள்ளிக்கோடம் போறதுக்கு அழுதோம் அம்மிணி. நீ போற புள்ளைய நிறுத்திப்போட்டு உக்காந்திருக்கற."

இதற்கு என்னிடம் பதில் இல்லை. அன்றும் இல்லை, இன்றும் இல்லை. 1956-இல் காமராஜர் மதிய உணவைக் கொண்டுவந்ததும், 1982-இல் அது சத்துணவாக விரிந்ததும், எத்தனையோ வீட்டுப் பெண்கள் முதல்முறையாகக் கையெழுத்துப் போட்டதும் இந்த மண்ணில் நடந்தவை. பள்ளிக்கூடத்தின் வாசலை மிதிப்பதற்காகவே தலைமுறைகள் போராடியிருக்கும்போது, அதை வேண்டாமென்று சொல்ல ஒரு வசதி வேண்டும். வீட்டில் ஒருவர் சம்பாதித்தால் போதும் என்ற வசதி, புத்தகம் வாங்கும் வசதி, நாளை மனம் மாறினால் திரும்பிப் போகலாம் என்ற வசதி. அது எங்களுக்கு இருந்தது. எல்லாருக்கும் இல்லை. வீட்டுக்கல்வியைப் பற்றிப் பேசுகிறவர்கள் இதை முதலில் சொல்லிவிட்டுப் பேச வேண்டும் என்று நான் நினைக்கிறேன். அத்தை சொன்னதை மதிக்க எனக்குத் தெரிந்த வழி ஒன்றே: ஒவ்வொரு வருஷமும் ஏப்ரல் மாதம் பிள்ளைகளிடம், பள்ளிக்கூடம் போகிறாயா என்று கேட்பது. கேட்டுவிட்டு, சொல்கிற பதிலை ஏற்றுக்கொள்வது.

சரி, கரும்பலகை போன பிறகு பாடம் எப்படி நடந்தது?

பெரியவளுக்குச் சதவீதம் வந்தது மஞ்சளில். எங்கள் பக்கம் தை, மாசியில் மஞ்சள் வெட்டுவார்கள். அத்தை வீட்டுச் செலவுக்குக் கொஞ்சம் வேகவைத்துக் காயப்போடுவார். ஐந்து கிலோவைத் தனியாக எடுத்து, தினமும் சாயங்காலம் தராசில் வைத்து எடை குறித்துவந்தாள். கடைசியில் ஒரு கிலோ சொச்சம்தான் நின்றது. மீதி எங்கே போச்சு என்று அப்பத்தாவிடம் சண்டை. தண்ணியாப் போச்சு சாமி என்றார் அத்தை. நூற்றுக்கு எண்பது தண்ணீர் என்ற கணக்கை அவளே நோட்டில் எழுதினாள். மின்சாரக் கணக்கும் இப்படித்தான் வந்தது. ஆயிரம் வாட் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். ஒரு எச்.பி. மோட்டார் 746 வாட், ஆக ஒரு மணி நேரத்துக்கு முக்கால் யூனிட். இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம் என்று தெரிந்ததிலிருந்து, யார் அறையில் மின்விசிறி வீணாக ஓடினாலும் எங்கள் வீட்டில் தப்பிக்க முடியாது.

இதையும் சொல்லிவிடுகிறேன்: எல்லாம் மஞ்சளிலும் மோட்டாரிலும் வந்துவிடாது. பின்னக் கணக்கும் ஆங்கில இலக்கணமும் உட்கார்ந்து, திரும்பத் திரும்பச் செய்து பழக வேண்டியவை. அங்கேதான் நான் விலகிக்கொண்டேன். எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் ஒருவர் இருக்கிறார். வாரம் இரண்டு நாள் அவர் திண்ணைக்குப் போகிறாள். அவர் கண்டிப்பானவர். திட்டுவார். திட்டு வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து, செருப்பைக் கழற்றும்போதே, "அம்மா, அந்த ஐயா இன்னிக்கு..." என்று ஆரம்பித்தாள். அந்தக் குரலைக் கேட்டு எவ்வளவு நாளாகியிருந்தது! நான் தோசைக்கல்லை வைத்தேன். ஆசிரியரை மாற்றலாம், வேறு ஆசிரியரைத் தேடலாம், பிடிக்காவிட்டால் நிறுத்தலாம். பிள்ளைக்கு அம்மா ஒருத்திதான். சொல்லிக்கொடுக்கிற ஆளாக நான் ஆகும்போதெல்லாம் அந்த இடம் காலியாகிறது.

சின்னவன் கதை வேறு. அவன் பள்ளிக்கூடமே போனதில்லை. ஆறரை வயதிலும் படிக்கவில்லை. ஒரு கல்யாணத்தில் உறவுக்கார மாமா ஒருவர் அவனைப் பிடித்து நிறுத்தி, மண்டப வாசலில் மணமக்கள் பெயர் எழுதியிருந்ததைக் காட்டி, எங்கே, வாசி பார்க்கலாம் என்றார். சுற்றி நாலைந்து பேர். பையன் எழுத்தைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்தான். அக்கா பார்த்த அதே பார்வை. மறுநாள் காலையில் நான் நாலு கோடு நோட்டு வாங்கி வந்துவிட்டேன். எல்லாம் தெரிந்தும், பட்டும், மறுபடி பயம்தான் ஜெயித்தது. மூன்றாம் நாள் என் கணவர் நோட்டை எடுத்து அலமாரி மேலே வைத்தார். "ரெண்டு நாளா இவன் என்கூட பஸ் ஸ்டாண்டுக்கு வர மாட்டேங்கறான், கவனிச்சயா?" என்றார்.

பஸ் ஸ்டாண்டு அவனுடைய உயிர். பஸ் போர்டுகளை அவன் எழுத்தாகப் பார்க்கவில்லை, முகமாகப் பார்த்துவைத்திருந்தான். அந்தியூர், கவுந்தப்பாடி, சத்தி என்று தூரத்திலேயே சொல்லிவிடுவான். ஒருநாள் அப்பாவிடம் கேட்டிருக்கிறான்: "கோபிக்குக் கொம்புல ரெண்டு சுழி. கொடிவேரிக்கு முதல் கொம்புல ஒண்ணுதான். ஏம்ப்பா?" அவர் அதற்குப் பதில் சொல்லவில்லை. இரண்டு பெயரையும் மெதுவாகச் சொல்லிப் பார் என்றிருக்கிறார். கோ... கொ... நீளம், குட்டை. வீட்டுக்கு வருவதற்குள் 'வே'யில் இருக்கும் இரண்டு சுழியையும் அவனே பிடித்துவிட்டான். அன்று ராத்திரி நாலு பேரும் உட்கார்ந்து தேடியபோது, பழைய காலத்தில் இந்தக் குறில் நெடில் வேற்றுமையைப் புள்ளி வைத்துக் காட்டினார்கள் என்றும், இரட்டைக் கொம்பு 18-ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் செய்த சீர்திருத்தம் என்றும் தெரிந்தது. இத்தாலியிலிருந்து வந்த ஒரு தாத்தா நம்ம ஊர்ப் பஸ் போர்டை மாற்றிவிட்டார் என்று சின்னவன் ஒரு வாரம் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தான். தமிழுக்கு 247 எழுத்து. அதில் பெரும்பாலானவற்றை ஏழரை வயதுக்குள் அவன் டவுன் பஸ்களின் நெற்றியிலிருந்து எடுத்துக்கொண்டான். தாமதம்தான். அந்தத் தாமதத்தில் நான் தூங்காத இரவுகள் உண்டு.

அந்த நோட்டை எடுத்து மேலே வைத்த கையைப் பற்றிச் சொல்ல வேண்டும். வீட்டுக்கல்வி என்று ஒரு குடும்பம் முடிவெடுத்தால் அது பெரும்பாலும் அம்மாவின் தலையில் விழுகிறது. சமையல், துவையல், மாமியார் மருந்து, அதோடு பிள்ளைகளின் படிப்பு. இரண்டாம் வருஷம் நான் காய்ச்சலில் படுத்தபோதுதான் இதைப் பேசித் தீர்த்தோம். காலை ஆறரை முதல் எட்டரை வரை பிள்ளைகள் என் கணவருடையவர்கள். வயல், பால், பஸ் ஸ்டாண்டு, எங்கே போனாலும் கூட்டிப்போக வேண்டும். மத்தியானம் இரண்டு முதல் மூன்று வரை வீட்டில் யாரும் யாரையும் எதுவும் கேட்பதில்லை. அந்த நேரம் என்னுடையது. நாலரைக்கு ஊர்ப் பிள்ளைகள் பள்ளி விட்டு வருவார்கள். அதிலிருந்து இருட்டும்வரை விளையாட்டு. அந்த நேரத்தில் எந்த வகுப்பையும் நாங்கள் வைத்ததில்லை. பிள்ளைகளுக்குக் கூட்டாளிகள் வேண்டாமா என்று கேட்பவர்களுக்கு எங்கள் பதில் அந்த நாலரை மணி. சனிக்கிழமை கிளை நூலகம். ஒவ்வொரு நாளும் அன்று என்ன செய்தோம் என்று தேதி போட்டு நான்கு வரி எழுதிவைக்கிறேன். நாளைக்கு யாராவது கேட்டால் காட்ட மட்டுமல்ல. ஒன்றுமே நடக்கவில்லை என்று மனம் புலம்புகிற நாளில் புரட்டிப் பார்க்கவும் அது வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது என்று எல்லாரும் கேட்கிறார்கள். கல்வி உரிமைச் சட்டம் 2009-இல் இயற்றப்பட்டு, 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. 6 முதல் 14 வயதுவரை. பிள்ளையை அருகிலுள்ள பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்கிறது. சேர்க்காத பெற்றோருக்குத் தண்டனை என்று எதையும் சொல்லவில்லை. வீட்டுக்கல்வி என்ற பேச்சே அதில் இல்லை. இந்த மங்கலில்தான் எங்களைப் போன்றவர்கள் இருக்கிறோம். தெரிந்துகொண்டு இருங்கள் என்பேன். பத்தாம் வகுப்புக்கு என்ஐஓஎஸ் என்னும் தேசியத் திறந்தநிலைப் பள்ளி இருக்கிறது, 1989 முதல். 14 வயது நிறைந்தால் சேரலாம். ஐந்து பாடம் தேறினால் போதும், ஒருமுறை பதிந்தால் ஐந்து வருஷத்துக்குள் எழுதி முடிக்கலாம். ஆனால் பிள்ளை பிறகு எந்தப் படிப்புக்கு, எந்த வேலைக்குப் போக நினைக்கிறதோ அங்கே இந்தச் சான்றிதழ் செல்லுமா என்று நேரில் விசாரித்துவிட்டுச் சேருங்கள்.

அந்தச் சட்டத்திலேயே இன்னொரு கதவும் இருக்கிறது. இடையில் பள்ளிக்குப் போகாத பிள்ளை, 14 வயதுக்குள் திரும்பி வந்தால் வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்துக்கொள்ள வேண்டும். பின்தங்கியிருந்தால் தனிப் பயிற்சியும் தர வேண்டும். இந்தக் கதவைப் பற்றி நான் இத்தனை தெரிந்துவைத்திருப்பதற்குக் காரணம், இந்த ஏப்ரலில் கேட்டபோது பெரியவள், போகிறேன் என்றாள். அவளுக்குப் பன்னிரண்டு வயது. வாலிபால் ஆட வேண்டுமாம், அதற்கு ஒரு அணி வேண்டுமாம். நான் ஒரு ராத்திரி முழுக்க யோசித்தேன், இத்தனை வருஷமும் வீணா என்று. காலையில் அந்தக் கேள்வியே தப்பு என்று பட்டது. வயிற்று வலியோடு வெளியே வந்த பிள்ளை, தானே கேட்டு உள்ளே போகிறாள்.

தொடங்க நினைக்கும் பெற்றோர் என்னிடம் எந்தப் புத்தகம், எந்தப் பாடத்திட்டம் என்று கேட்கிறார்கள். முதல் மூன்று மாதம் எதையும் வாங்காதீர்கள். பிள்ளை செய்த தப்பை உங்களிடம் தானாக வந்து சொல்கிறதா என்று மட்டும் கவனியுங்கள். சொல்லவில்லையென்றால் பாடத்தை நிறுத்திவிட்டு அதைச் சரிசெய்யுங்கள். வீட்டில் இருக்கும் ஆண்களிடம் காலை இரண்டு மணி நேரத்தைக் கேட்டு வாங்குங்கள். உங்களுக்குத் தெரியாததைச் சொல்லிக்கொடுக்க ஊரில் ஒரு திண்ணையைத் தேடுங்கள்.

ஜூன் மாதம் பெரியவள் எங்கள் ஊர் அரசுப் பள்ளியில் எட்டாம் வகுப்பில் சேருகிறாள். சின்னவன் இந்த வருஷமும் வீட்டில்தான். அத்தை போன வாரம் சந்தைக்குப் போனவர், மஞ்சள் விற்ற காசில் ஒரு ஜியோமெட்ரி பாக்ஸ் வாங்கி வந்து சாமி படத்துக்கு முன்னால் வைத்திருக்கிறார்.