இருட்டுவதற்குள்

சியெனா நகரில் நாங்கள் தங்கியிருந்த அறையில் மேசை கிடையாது. கட்டிலின்மேல் வரைபடத்தை விரித்துவைத்து மறுநாளுக்கான திட்டத்தை எழுதிக்கொண்டிருந்தேன். கருத்தரங்கு முடிந்து ஊர் திரும்புவதற்கு முன் எங்களுக்குக் கிடைத்த ஒரே நாள் அது. வாடகைக்கு ஒரு சிறிய கார் சொல்லியிருந்தோம். உடன் வந்திருந்தவர் என் துறையில் பணியாற்றி ஓய்வுபெற்ற பேராசிரியை. அக்கா என்றுதான் கூப்பிடுவேன். ஐம்பது வயதில் கார் ஓட்டக் கற்றுக்கொண்டவர்.

பன்னாட்டு ஓட்டுநர் அனுமதி, பாஸ்போர்ட் நகல், தண்ணீர், மாத்திரை, கழிப்பறை உள்ள பெட்ரோல் நிலையங்கள், மதியம் கடைகள் அடைக்கும் நேரம், வீட்டுக்குப் பேச வேண்டிய நேரம் என்று ஒரு பக்கம் நிறைந்துவிட்டது. கடைசி வரியை இரண்டு முறை அடிக்கோடிட்டிருந்தேன்: ஆறு மணிக்குள் திரும்பிவிட வேண்டும்.

அக்கா தாளை வாங்கிப் படித்தார்.

"ஏன் ஆறு மணி?"

"இருட்டிடும்ல அக்கா."

"இது மே மாசம்டி. இங்க எட்டரைக்குத்தான் சூரியன் எறங்குது. நேத்து ரெண்டு பேரும் சேந்துதானே பாத்தோம்."

கொஞ்சநேரம் கழித்துக் கேட்டார்: "எல்லாம் எழுதியிருக்க. இதுல நீ பாக்கணும்னு ஆசப்பட்டது எது?"

எனக்குப் பதில் தெரியவில்லை.

எட்டரை மணிவரை வெளிச்சம் இருப்பதைக் கண்ணால் பார்த்த பிறகும் என் கை ஆறு என்றே எழுதியிருக்கிறது. அது இத்தாலியின் ஆறு மணி அல்ல, நான் படித்த கல்லூரி விடுதியின் கதவு சாத்தப்பட்ட நேரம். அந்தக் கதவைக் குறை சொல்லிவிட்டு என்னால் ஒதுங்கிக்கொள்ள முடியாது. பின்னாளில் நானே மூன்று ஆண்டுகள் ஒரு மகளிர் விடுதியின் துணைக் காப்பாளராக இருந்தேன். தாமதமாக வரும் மாணவிகளிடம் விளக்கக் கடிதம் வாங்குவது என் வேலை. ஒருத்தி ஒரே வரிதான் எழுதியிருந்தாள்: கடற்கரையில் உட்கார்ந்திருந்தேன். "இது ஒரு காரணமாம்மா? சரியா எழுதிக் குடு" என்று திருப்பிக் கொடுத்தேன். வயிற்றுவலி, மருத்துவமனைக்குப் போனேன் என்று எழுதித் தந்தாள். கையெழுத்துப் போட்டேன். உண்மையைக் காரணமாக ஏற்க மறுத்து, ஒரு பொய்யை அவளிடம் கேட்டு வாங்கியிருக்கிறேன். ஆசை ஒரு காரணமாகாது என்பதுதான் நான் அவளுக்குக் கற்பித்த பாடம். அதே பாடத்தை எனக்கும் நடத்தி முடித்திருக்கிறேன் என்பது அன்றிரவு அந்தத் தாளைப் பார்த்தபோது தெரிந்தது.

முன்யோசனை வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. இத்தாலியின் மலைநகரங்கள் பலவற்றில் மதிலுக்குள்ளே வெளியூர்க் கார்கள் போகக்கூடாது. எல்லையில் வெள்ளைப் பலகையில் சிவப்பு வட்டம் இருக்கும். தாண்டினால் கேமரா எண்ணைப் படித்துவிடும், மாதக்கணக்கில் கழித்து அபராதம் வீடு தேடி வரும். வண்டியை மதிலுக்கு வெளியே விட்டுவிட்டு ஏறி நடக்க வேண்டும். அங்கே ஸ்டியரிங் இடப்பக்கம் இருப்பதால் கியரை வலக்கையால் மாற்றிப் பழக வேண்டும். இவையெல்லாம் சாலையைப் பற்றிய அறிவு, போக விரும்பும் இடத்துக்கு நம்மைக் கொண்டுசேர்ப்பவை. ஆறு மணி என்ற வரி அப்படிப்பட்டதல்ல. அது ஆசை இருக்க வேண்டிய இடத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டது. இரண்டையும் ஒரே பட்டியலில் அடுத்தடுத்து எழுதிவிட்டு, அதற்குப் பொறுப்பு என்று பெயர் வைத்திருக்கிறோம்.

அன்று மதியம்தான் சியெனாவின் நகர மாளிகையில் அம்ப்ரோஜியோ லொரென்ஸெத்தி 1338-39இல் தீட்டிய சுவரோவியங்களைப் பார்த்திருந்தோம். நகரத்தை ஆண்ட ஒன்பது ஆண்கள் கூடிய அறை அது. ஒரு சுவரில் நல்லாட்சியின் விளைவுகள். மதிலுக்கு வெளியே உழவர்கள் அறுக்கிறார்கள், கதிரடிக்கிறார்கள், கழுதைகளில் பாரமேற்றி நகரத்துக்கு வருகிறார்கள். எதிரே குதிரையில் செல்வர்கள் வேட்டைக்குப் புறப்படுகிறார்கள். வயல்களின் மேலே சிறகுள்ள ஒரு பெண் மிதக்கிறாள். பாதுகாப்பு என்பது அவள் பெயர். இந்த வழியில் எவரும் அச்சமின்றிப் போகலாம் என்கிறது அவள் கையிலுள்ள சுருள். இன்னொரு கையில் தூக்குமரம், அதில் ஒருவன் தொங்குகிறான். தீய ஆட்சியைக் காட்டும் சுவரில் வயல்கள் பாழ்பட்டுக் கிடக்கின்றன. அங்கே மேலே மிதப்பது கந்தலும் வாளுமாக அச்சம். அந்த நகரத்துக்குள் படைவீரர்கள் ஒரு பெண்ணைப் பிடித்திருக்கிறார்கள்.

இரவில் அந்த அறையை மறுபடி நினைத்துப் பார்த்தேன். தூக்குமரத்தை எந்த ஆட்சியின் கையிலும் என்னால் ஏற்க முடியாது. ஆனால் அந்த ஓவியன் ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொண்டிருக்கிறான். அச்சமின்றி நடப்பது நடப்பவரின் துணிச்சலைப் பொறுத்ததல்ல, ஆள்பவர்களின் கடமை. அதனால்தான் அவர்கள் கூடும் அறையின் சுவரிலேயே அதை எழுதிவைத்திருக்கிறான். அவன் காட்டும் தண்டனைகூட வழிமறிப்பவனுக்குத்தான். நாங்கள் விடுதியில் செய்தது இதற்கு நேர்மாறு. வழிமறிப்பவனை விட்டுவிட்டு வழியில் போகிறவளைப் பூட்டினோம். பூட்டியதற்குப் பாதுகாப்பு என்று பெயரிட்டோம். "தைரியமா இரு" என்று மேடையில் பேசிவிட்டு வந்து சாவியைச் சரிபார்த்தோம்.

அக்காவிடம் இதைச் சொன்னபோது வரைபடத்தில் சான் ஜிமிஞ்ஞானோவைத் தொட்டுக் காட்டினார். எழுபதுக்கும் மேற்பட்ட கோபுரங்கள் இருந்த ஊர், இன்று மிஞ்சியவை 14. அந்த ஊர் போற்றும் புனிதை ஃபீனா நோயுற்று ஒரு மரப்பலகையில் ஆண்டுக்கணக்கில் அசையாமல் கிடந்து, 1253இல் பதினைந்து வயதில் இறந்தவள். இந்தச் சியெனாவின் கத்தரீனாவோ சாயத் தொழிலாளியின் மகள். 1376இல் பிரான்சின் அவிஞ்ஞோன் வரை போய்ப் போப்பாண்டவரிடம் பேசியவர். ஆனால் அவர் புறப்படுவதற்கு இறைக்கட்டளை என்ற பெரிய காரணம் வேண்டியிருந்தது. "அசையாம இருந்தாலும் புனிதை, பெரிய காரணத்தோட போனாலும் புனிதை. சும்மா போனவளுக்கு என்ன பேருன்னு உனக்கே தெரியும்" என்றார் அக்கா.

சான் ஜிமிஞ்ஞானோ வடமேற்கில், பியென்சா தென்கிழக்கில். இரண்டும் ஏறக்குறைய ஒரு மணி நேரத் தூரம். ஒரே நாளில் இரண்டையும் அடைத்தால் எதையும் பார்க்க முடியாது. தாளைத் திருப்பி வைத்துக்கொண்டு யோசித்தேன். வெட்கமாக இருந்தாலும் கடைசியில் சொல்லிவிட்டேன்: "வயலுக்கு நடுவுல, பக்கத்துல யாரும் இல்லாம கொஞ்ச நேரம் நிக்கணும் அக்கா. அவ்வளவுதான்."

"அப்ப பியென்சா பக்கம் போவோம்."

ரோமுக்கு யாத்ரீகர்கள் நடந்த பழைய கசியா சாலையில் காலையில் புறப்பட்டோம். அக்காதான் ஓட்டினார். சான் குவிரிக்கோ தாண்டியதும் ஓர்ச்சா பள்ளத்தாக்கு விரிந்தது. பச்சைக் கோதுமை, இடையிடையே சிவந்த பாப்பிப் பூக்கள், குன்றின் உச்சியில் ஒற்றை வீடு. யுனெஸ்கோ 2004இல் உலக மரபிடமாக அறிவித்த நிலம். முந்தைய நாள் பார்த்த ஓவியத்துக்குள் கார் நுழைந்ததுபோல் இருந்தது. அப்படியானால் அந்த ஓவியத்தில் நான் யார்? கழுதையை ஓட்டிவரும் உழவர் கூட்டத்திலா, எதிரே குதிரையில் போகிறவர்களிலா? வாடகைக் காரில் போகும் எனக்கு விடை சங்கடமானது.

டஸ்கனியின் பெரும்பாலான வயல்கள் வார முறையில் பயிரானவை. விளைச்சலில் பாதி உழுத குடும்பத்துக்கு, பாதி நிலக்காரருக்கு. அந்தக் குடும்பத்தில் ஒரு திருமணம் நடக்கவும் நிலக்காரரின் சம்மதம் வேண்டும். வீட்டையும் கோழிகளையும் பார்த்துக்கொண்டவள் அந்த வீட்டின் மூத்த பெண், மஸ்ஸாயா. அவள் வளர்த்த கோழியிலும் முட்டையிலும்கூட பண்டிகைதோறும் நிலக்காரருக்குப் போக வேண்டிய கணக்கு இருந்தது. 1964இல்தான் புதிய வார ஒப்பந்தங்களைச் சட்டம் தடைசெய்தது. அந்த வீடுகள் பல இன்று சுற்றுலா விடுதிகள். நாங்கள் அழகு என்று நின்று பார்த்த ஒவ்வொரு வீட்டிலும், பக்கத்து மலைநகரத்துக்குச் சந்தைநாளில் போவதற்குக்கூடக் காரணம் சொல்ல வேண்டியிருந்த பெண் ஒருத்தி இருந்திருக்கலாம். காரணம் இல்லாமல் போகும் உரிமை எனக்கு மட்டும் கிடைத்தால் அது சலுகை. எல்லாருக்கும் ஆகும்வரை அது உரிமையாகிவிடாது. அதற்காக நான் போகாமலிருந்தால் அவளுக்கு ஒன்றும் கிடைத்துவிடாது. ஆனால் என் கையிலும் சில கதவுகளின் சாவி இருந்திருக்கிறது, அதை நான் எப்படிப் பயன்படுத்தினேன் என்ற கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

பியென்சாவுக்கு முன்னால் ஒரு மண்பாதை பிரிந்தது. அக்கா ஓரமாக வண்டியை நிறுத்தி இருக்கையைச் சாய்த்துக்கொண்டார். "போயிட்டு வா. நான் தூங்கப்போறேன்." கோதுமை இடுப்பளவு இருந்தது. முதல் ஐந்து நிமிடம் நான்கு முறை திரும்பிப் பார்த்தேன். பிறகு பார்க்கவில்லை. எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது.

திரும்பி வந்தபோது செல்பேசியில் வீட்டிலிருந்து மூன்று அழைப்புகள். கூப்பிட்டேன். எங்கே போயிருந்தாய் என்று கேட்டார்கள். வயலில் சும்மா நின்றுகொண்டிருந்தேன் என்று சொன்னேன். வேறு காரணம் எதுவும் சேர்க்கவில்லை.