வலிய ஏற்ற வலி

ஓசூரில் எனக்கு ஒரு நண்பர் இருக்கிறார். சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையில் மேற்பார்வையாளர் உத்தியோகம். நாற்பதைத் தொட இன்னும் இரண்டு வருஷம் பாக்கி. மனைவி, இரண்டு குழந்தைகள், வீட்டுக்கடன், மாதத் தவணை எல்லாம் உங்களையும் என்னையும் போலத்தான். ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் நம்மிடமிருந்து வேறுபடுகிறார். விடியற்காலை நாலு மணிக்கு, யாரும் எழுப்பாமலே எழுந்துவிடுகிறார்.

எழுந்து என்ன செய்கிறார்? ஒரு நாள் நீந்துகிறார். ஒரு நாள் சைக்கிள் மிதிக்கிறார். ஒரு நாள் ஓடுகிறார். இந்த மூன்றையும் ஒரே நாளில், நடுவில் ஓய்வில்லாமல், ஒன்றன்பின் ஒன்றாகச் செய்து முடிக்கும் பந்தயத்துக்கு டிரையத்லான் என்று பெயர். அதில் கலந்துகொள்வதற்காகத்தான் இத்தனை பாடும்.

மூன்று மாதச் சம்பளத்தைப் போட்டு அவர் ஒரு சைக்கிள் வாங்கி வந்தார். நான் அன்று அவர் வீட்டில் இருந்தேன். அவருடைய தகப்பனார் அந்தச் சைக்கிளை ஒரு சுற்றுச் சுற்றிவந்து பார்த்தார். பெரியவர் ஒரு காலத்தில் பாகலூர்ப் பக்கத்திலிருந்து ஓசூர்ச் சந்தைக்குத் தக்காளியும் கோஸும் மூட்டை கட்டிச் சைக்கிளிலேயே கொண்டுவந்து விற்றவர்.

“கேரியர் எங்கேடா?” என்று கேட்டார்.

“இதுக்குக் கேரியர் கிடையாதுப்பா.”

“அப்போ மூட்டையை எதிலே வைக்கிறது?”

“மூட்டையே கிடையாது.”

பெரியவர் சிறிது நேரம் யோசித்தார். “நான் சோத்துக்காக மிதிச்சேன். நீ தின்ன சோறு கரையறதுக்காக மிதிக்கிறே. நல்லா இருக்குடா!” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

நான் சிரித்துவிட்டேன். உண்மையைச் சொல்வதானால், அன்று நான் பெரியவர் கட்சிதான். வயிற்றுப்பாட்டுக்காக ஆயிரமாயிரம் பேர் தினமும் உடம்பை வருத்திக்கொள்ளும் ஊரில், காசு கொடுத்துக் கஷ்டத்தை விலைக்கு வாங்குவதில் என்ன பெருமை இருக்க முடியும்? அதே நாலரை மணிக்கு அதே நெடுஞ்சாலையில் கம்பெனி பஸ்ஸுக்காகப் பெண்கள் கூட்டம் கூட்டமாக நிற்கிறார்கள். இரவுக் காவல் முடிந்தவர்கள் பழைய சைக்கிளில் வீடு திரும்புகிறார்கள். அப்படித் திரும்பிய காவல்காரர் ஒருவர், நம் நண்பர் வியர்க்க விறுவிறுக்க ஓடி வருவதைப் பார்த்துவிட்டு, “ஏங்க, பஸ்ஸை விட்டுட்டீங்களா?” என்று பரிவோடு விசாரித்தாராம். அந்தக் கேள்விக்கு என்ன பதில் சொல்வது?

இந்தப் பந்தயம் பிறந்ததே ஒரு வீம்பில்தான். நீச்சல்காரனா, சைக்கிள்காரனா, ஓட்டக்காரனா, யார் உடம்பில் வலு அதிகம் என்று ஹவாய்த் தீவில் ஒரு விவாதம் எழுந்தது. ஜான் காலின்ஸ் என்ற அமெரிக்கக் கடற்படை அதிகாரி, மூன்றையும் சேர்த்தே செய்து பார்த்துவிடலாமே என்றார். 1978-ஆம் ஆண்டு பிப்ரவரியில் 15 பேர் கடலில் இறங்கினார்கள். 3.8 கிலோமீட்டர் நீச்சல், 180 கிலோமீட்டர் சைக்கிள், அதன்மேல் 42 கிலோமீட்டர் ஓட்டம். 12 பேர் முடித்தார்கள். முதலில் வந்த கார்டன் ஹாலருக்கே பதினொன்றே முக்கால் மணி நேரம் ஆயிற்று.

நான்கு ஆண்டு கழித்து, 1982-இல், ஜூலி மாஸ் என்ற கல்லூரி மாணவி தன் ஆராய்ச்சிக் கட்டுரைக்காக இதே பந்தயத்தில் கலந்துகொண்டாள். பெண்களில் முதலாவதாக வந்துகொண்டிருந்தவள், முடிவுக் கோட்டுக்குச் சில அடி தூரத்தில் கால்கள் மடங்கி விழுந்துவிட்டாள். பின்னால் வந்த காத்லீன் மெக்கார்ட்னி அவளைத் தாண்டிச் சென்று ஜயித்தாள். ஜூலி மண்டியிட்டுத் தவழ்ந்தாள். தவழ்ந்தே கோட்டைத் தொட்டாள். இருவருக்கும் இடையே 29 வினாடிதான் வித்தியாசம். தொலைக்காட்சியில் அதைப் பார்த்த உலகம் ஜயித்தவளை மறந்துவிட்டுத் தவழ்ந்தவளை நினைவில் வைத்துக்கொண்டது.

நமக்கு இது புதிதல்ல. காவடி எடுப்பவனையும் தீ மிதிப்பவனையும் அங்கப்பிரதட்சிணம் செய்பவனையும் பார்த்து, “உனக்கு இதில் என்ன லாபம்?” என்று நாம் கேட்பதில்லை. கன்னத்தில் போட்டுக்கொள்கிறோம். வலிய ஏற்ற வலிக்கு மரியாதை உண்டு. வலுவில் வந்து சேர்ந்த வலிக்குத்தான் யாரும் மாலை போடுவதில்லை. ஏன் இப்படி?

நண்பர் கோவாவுக்குப் போனார். அங்கே 2019 முதல் இந்தப் பந்தயத்தின் பாதி அளவை நடத்துகிறார்கள்: 1.9 கிலோமீட்டர் கடல் நீச்சல், 90 கிலோமீட்டர் சைக்கிள், 21 கிலோமீட்டர் ஓட்டம். எட்டரை மணிக்குள் முடிக்க வேண்டும். முடித்துவிட்டு வந்தார். எத்தனையாவது இடம் என்று அவருக்கே தெரியாது. வந்த மறுநாள், தகப்பனாரும் பக்கத்தில் இருக்கும்போதே, என்னிடம் சொன்னார்:

“பதினாறாவது கிலோமீட்டரில் நடைபாதை ஓரமாக உட்கார்ந்துவிட்டேன், சார். தொடை இரண்டும் கல்லாகிவிட்டது. யாரும் என்னை ஓடச் சொல்லவில்லை. நிறுத்தினால் வேலை போகாது; வீட்டில் அடுப்பு அணையாது. ‘எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம்’ என்பது இருக்கிறதே, அதுதான் எல்லாவற்றையும்விடப் பெரிய பாரமாக இருந்தது. அப்போது அப்பாவை நினைத்தேன். மூட்டையோடு மேட்டில் ஏறும்போது அவருக்கு இந்த எண்ணமே வந்திருக்காது. வேறு வழியில்லையே! எனக்கு வந்தது. வந்த பிறகும் எழுந்து ஓடினேன்.”

எனக்கு விடை கிடைத்துவிட்டதாகவே தோன்றியது. விட்டுவிட உரிமை உள்ளவன் விடாமல் இருப்பதுதான் வைராக்கியம். விட முடியாதவனுடையது வெறும் நிர்ப்பந்தம். ஒன்று தர்மம், மற்றது தலைவிதி. எவ்வளவு அழகாகப் பிரித்துவிட்டேன் பார்த்தீர்களா? இதை வைத்து ஒரு கட்டுரையே எழுதிவிடலாம் என்று மனத்துக்குள் குறித்துக்கொண்டேன்.

அப்போது பெரியவர் வாயைத் திறந்தார்.

“எனக்குத் தோணலேன்னு யார்டா சொன்னது? தினம் தோணும். மேட்டிலே தோணும். மழையிலே தோணும். சைக்கிளைச் சாய்ச்சுப் போட்டுட்டு எங்கேயாவது கண் காணாமப் போயிடலாம்னு தோணும். அப்படிப் போனவங்களும் ஊர்லே இருக்காங்களே! உனக்குப் பள்ளிக்கூடத்துப் பணம் கட்டற மாசத்திலே ரெண்டு தரம் தோணும்.”

அவ்வளவுதான் சொன்னார். குரலில் வருத்தமோ குத்தலோ இல்லை. நண்பர் தலையைக் குனிந்துகொண்டார். முப்பத்தெட்டு வருஷத்தில் அப்பாவிடம் இதை அவர் கேட்டதில்லை. கோவாவில் அந்த நடைபாதையில் உட்காராமல் இருந்திருந்தால் இன்றைக்கும் இந்தப் பேச்சு வந்திருக்காது. தானாக ஏற்றுக்கொண்ட கஷ்டத்தால் ஒரு பிரயோஜனம் உண்டென்றால், அது இதுதான் என்று நினைக்கிறேன். பிறர் பட்ட கஷ்டத்தைப் பற்றி விசாரிக்க அது ஒரு வாசலைத் திறந்துவிடுகிறது. பதக்கம் அதற்குப் பிறகுதான்.

எனக்கோ வேறொரு வெட்கம். ‘வேறு வழியில்லை’ என்று நாம் மிகச் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். அப்படிச் சொல்லும்போது உழைப்பவனிடமிருந்து அவனுடைய முடிவையும் பிடுங்கிக்கொள்கிறோம். அவன் ஒவ்வொரு மேட்டிலும் நின்று, யோசித்து, மறுபடியும் மிதித்தான் என்பதை ஒப்புக்கொண்டால் நமக்குச் சங்கடம். அப்புறம் அவனை மதிக்க வேண்டியிருக்கும். மாடு இழுப்பதுபோல் இழுத்தான் என்று வைத்துக்கொண்டால், ஓர் ‘ஐயோ பாவம்’ போதும். கோட்டின் இந்தப் பக்கம் கடிகாரமும் கைதட்டலும் வைத்தால்தான் நம் கண்ணுக்கு மனவுறுதி தெரிகிறது. அவை இல்லாத இடத்திலும் அது உண்டு என்று நமக்குத் தோன்றுவதேயில்லை.

அன்றிரவு வீட்டுக்கு வந்து, என் பழைய கதைகளை எடுத்துப் புரட்டினேன். வண்டிக்காரர், சுமை தூக்குபவர், ஆலைத் தொழிலாளி என்று எத்தனையோ பேர் அவற்றில் வருகிறார்கள். ‘அவனுக்கு வேறு வழி இருக்கவில்லை’ என்ற வாக்கியம் எத்தனை கதைகளில் இருக்கிறது என்று எண்ணத் தொடங்கினேன். ஏழாவது கதையோடு நிறுத்திவிட்டேன்.