உம்மம்மா நட்ட முருங்கை

மௌத்தானவர்களை நினைவில் வைத்திருப்பது என்றால் என்ன? அவர்கள் பெயரைச் சொல்லிக் கண்ணீர் விடுவதா? அவர்கள் புழங்கிய பொருள்களைத் தொடாமல் பாதுகாப்பதா? அல்லது அதற்கும் மேலான கடமை ஏதேனும் நம்மீது இருக்கிறதா? எங்கள் வீட்டு முற்றத்தில் நின்ற ஒரு முருங்கை மரம் இந்தக் கேள்வியை எழுப்பிவிட்டது. நடந்ததை ஒளிவு மறைவின்றிச் சொல்லுகிறோம். இதில் எங்கள் குறையும் இருக்கிறது.

காயல்பட்டினம், கீழக்கரை போன்ற கடற்கரை ஊர்களில் தாய்வீடு பெண்மக்களுக்குச் சேர்வது நெடுநாளைய வழக்கம். ஆகவே அங்கே பிள்ளைகள் பெரும்பாலும் தாயின் தாயான உம்மம்மாவின் கண்முன்னேதான் வளர்வார்கள். நாங்களும் அப்படி வளர்ந்தவர்களே.

எங்கள் உம்மம்மா ஸுபுஹு பாங்குக்கு வெகுநேரம் முன்பே எழுந்துவிடுவார். ஒளுச் செய்யும் தண்ணீர் வீணாய்ப் போகக் கூடாது என்று, ஒளுச் செய்யும் இடத்திலிருந்து செடிகளின் வேருக்குத் தம் கையாலேயே சிறு வாய்க்கால் வெட்டியிருந்தார். தொழுது, யாஸீன் ஓதி முடித்த கையோடு செடிகளிடம் போவார். முருங்கை, மாதுளை, கறிவேப்பிலை, மருதாணி, மல்லிகை எல்லாம் அந்தச் சின்ன முற்றத்தில் இருந்தன. பெருநாள் இரவுக்கு முன் தெருப் பெண்பிள்ளைகள் அத்தனை பேருக்கும் மருதாணி எங்கள் வீட்டிலிருந்துதான் போகும். பிள்ளை பெற்ற வீடுகளுக்கு முருங்கைக்கீரை போகும். அணில் மாதுளையைக் கடிக்கிறதே என்று நாங்கள் கல்லெடுத்தால், "விடு வாப்பா, அதுக்கு எழுதுன ரிஜ்க்கை அது திங்குது" என்று தடுத்துவிடுவார்.

இன்னொரு பழக்கமும் அவரிடம் இருந்தது. எந்த உறவினர் வீட்டோடு பேச்சுவார்த்தை நின்றிருக்கிறதோ, அந்த வீட்டுக்குத்தான் முதல் கட்டு முருங்கைக்காயை அனுப்புவார். யார் மீது தவறு என்று விசாரிப்பதில்லை. காய் போன சில நாட்களில் அந்த வீட்டார் நம் வாசலில் வந்து நிற்பார்கள்.

அவர் மௌத்தானபோது ஊரே வந்து அழுதது. நாற்பது நாட்களும் வீட்டில் ஆட்கள் நிறைந்திருந்தார்கள். குர்ஆன் ஓதினோம், துஆச் செய்தோம், வந்தவர்களுக்கெல்லாம் உணவளித்தோம். உம்மம்மாவைப் பற்றிப் பேசிப் பேசி உருகினோம். ஆனால் அந்த நாற்பது நாட்களில் ஒருவரும் மல்லிகைக்கு ஒரு செம்பு தண்ணீர் ஊற்றவில்லை. வாய்க்காலில் மண் அடைத்துக் கிடந்தது. பிறகு பார்த்தபோது மல்லிகை கருகிப் போயிருந்தது.

முருங்கை மட்டும் யாரையும் எதிர்பார்க்காமல் வளர்ந்தது. மழைக்காலம் வந்ததும் அதில் கம்பளிப்பூச்சி அடையடையாய் அப்பிக்கொண்டது. கொப்புகள் பக்கத்து வீட்டு முற்றத்தின் மேல் சாய்ந்திருந்தன. பூச்சி விழுந்து அந்த வீட்டுக் குழந்தைக்கு உடம்பெல்லாம் தடித்துவிட்டது. அந்த வீட்டு அம்மா தயங்கித் தயங்கி வந்து, "உங்க உம்மம்மா இருந்தா நான் இதைச் சொல்ல வந்திருக்க மாட்டேன்" என்றார். அப்போதுதான் எங்களுக்கு ஞாபகம் வந்தது. உம்மம்மா ஆண்டுதோறும் பூச்சி அண்டிய கொப்புகளை முன்கூட்டியே கழித்துவிடுவார். பக்கத்து வீட்டு முற்றத்தையும் தாமே போய்ப் பெருக்கிவிட்டு வருவார்.

வீட்டில் விவாதம் மூண்டது. "இது உம்மம்மா நட்ட மரம். இதில் கை வைக்கக் கூடாது" என்றார் ராத்தா. அவர் சொன்னதில் வெறும் பாசம் மட்டும் இல்லை. மார்க்க ஆதாரமும் இருந்தது. ஒரு முஸ்லிம் மரம் நட்டு, அதிலிருந்து மனிதனோ பறவையோ மிருகமோ உண்டால் அது நட்டவருக்கு ஸதக்காவாகும் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அருளியதை அனஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். அதிலிருந்து திருடப்படுவதுகூட நட்டவருக்கு ஸதக்காவே என்று ஜாபிர் (ரலி) அவர்களின் அறிவிப்பில் வருகிறது. அப்படியிருக்க, கபுரில் இருப்பவருக்குப் போய்க்கொண்டிருக்கும் நன்மையை நம் கையாலேயே வெட்டலாமா என்பது ராத்தாவின் கேள்வி.

கேள்வி நியாயமானதே. ஆனால் அதே நாயகம் (ஸல்) அவர்கள், தன் தொல்லையிலிருந்து அண்டை வீட்டார் அச்சமற்று இருக்க முடியாதவன் ஈமான் கொண்டவனாக மாட்டான் என்று மும்முறை ஆணையிட்டுச் சொல்லியிருக்கிறார்களே! மக்கள் நடக்கும் வழியில் இடையூறாக நின்ற ஒரு மரத்தை வெட்டி அகற்றிய மனிதர் அதற்காகவே சுவனத்தில் உலவுவதைக் கண்டதாகவும் அவர்கள் கூறியிருக்கிறார்கள். நடுவதும் நன்மை, பிறருக்குத் தொல்லையானால் வெட்டுவதும் நன்மை. இரண்டையும் ஒரே நபிதான் நமக்குக் கற்றுத் தந்தார்கள். அப்படியானால் நன்மை மரத்திலா இருக்கிறது? மரத்தால் அடுத்தவருக்கு என்ன நேர்கிறது என்பதில் அல்லவா இருக்கிறது!

உம்மம்மா அந்த மரத்தை நேசித்தார் என்பது உண்மை. ஆனால் அவருடைய நேசம் ஆண்டுதோறும் அரிவாளோடுதான் அந்த மரத்திடம் போனது. நாங்களோ மரத்தை வைத்துக்கொண்டு, அவருடைய கவலையைக் கைவிட்டுவிட்டோம். இதற்குப் பெயர் நினைவா?

அபூ தல்ஹா (ரலி) அவர்களின் வரலாறு எங்களுக்கு வழிகாட்டியது. மதீனாவில் பள்ளிவாசலுக்கு எதிரே 'பைருஹா' என்ற பேரீச்சந் தோட்டம் அவர்களுக்கு இருந்தது. தம் செல்வங்களிலேயே அதைத்தான் அவர்கள் மிக விரும்பினார்கள். அங்கிருந்த நல்ல தண்ணீரை நாயகம் (ஸல்) அவர்களும் சென்று அருந்துவதுண்டு. விரும்பும் பொருளைச் செலவு செய்யாதவரை நன்மையை அடைய முடியாது என்ற கருத்துடைய திருவசனம் (3:92) இறங்கியதும், அபூ தல்ஹா (ரலி) அவர்கள் எழுந்து வந்து அந்தத் தோட்டத்தையே தர்மமாக ஒப்படைத்தார்கள். நாயகம் (ஸல்) அவர்கள் மகிழ்ந்து, அதை உறவினர்களுக்குப் பங்கிட்டுக் கொடுக்கச் சொன்னார்கள். அவ்வாறே பங்கிடப்பட்டது.

கவனித்தீர்களா? தோட்டத்தின் மீதுள்ள ஆசை, குடும்பத்தின் மீதுள்ள பாசம், இறைவன் மீதுள்ள ஈமான் ஆகிய மூன்றும் அங்கே ஒன்றாகிவிட்டன. மூன்றும் அமானிதங்களே. செடியும் நமதன்று, பிள்ளைகளும் நமக்குச் சொந்தமல்லர், உயிரும் அவன் தந்த இரவல்தான். அமானிதத்தைப் பூட்டி வைப்பதால் பேணியதாகாது. உரியவர்களிடம் அது போய்ச் சேர வேண்டும்.

நாங்கள் மரத்தை வெட்டினோம். வெட்டும் முன் தடித்த கொப்புகளாகப் பார்த்துப் போத்து எடுத்தோம். மொத்தம் பதினான்கு போத்துகள். எவர் வீட்டையும் தொடாத இடங்களாகப் பார்த்து நட்டோம்; கேட்டவர்களுக்கும் கொடுத்தோம். இந்த விவாதத்தால் சில நாட்களாக எங்களோடு முகம் கொடுத்துப் பேசாதிருந்த ராத்தாவுக்கு முதல் போத்தைக் கொண்டுபோனோம். அவர் ஒன்றும் சொல்லவில்லை. வாங்கிக்கொண்டுபோய்த் தம் மகளின் வீட்டுக் கொல்லையில் தாமே குழி தோண்டி நட்டார். பதினான்கில் ஒன்பது பிழைத்தன. பக்கத்து வீட்டு முற்றத்தை அன்று நாங்கள் பெருக்கிக் கொடுத்தோம். வாய்க்காலில் அடைத்த மண்ணையும் அள்ளினோம். ஒளுத் தண்ணீர் மறுபடி கறிவேப்பிலைக்கும் மாதுளைக்கும் ஓடுகிறது.

சகோதர சகோதரிகளே! மனிதன் இறந்ததும் அவனுடைய அமல்கள் நின்றுவிடுகின்றன; நிலையான தர்மம், பயன்தரும் கல்வி, துஆச் செய்யும் நல்ல பிள்ளை ஆகிய மூன்றைத் தவிர என்பது நபிமொழியின் கருத்து. நம் வீட்டுப் பெரியவர்களுக்காக நாம் துஆச் செய்யத்தான் வேண்டும். ஆனால் துஆச் செய்த அதே கைகள், அவர்கள் விட்டுச் சென்ற வேலை எங்கே பாதியில் நிற்கிறது என்றும் தேட வேண்டாமா? உங்கள் உம்மம்மா எந்தச் செடிக்குத் தண்ணீர் ஊற்றினார்? எந்த வீட்டுக்கு ஆணம் கொடுத்தனுப்பினார்? எந்தக் கோபத்தை ஆற்றி வைத்தார்? அந்த இடம் இன்று காய்ந்து கிடக்கிறதா என்று ஒருமுறை போய்ப் பாருங்கள்.

மறுமை நாள் வந்துவிட்டது என்றாலும், கையில் கன்று இருந்தால் அதை நட்டுவிடச் சொன்ன நாயகத்தின் உம்மத்தினர் நாம். அந்தக் கன்றின் நிழலில் அமரப்போவது யார் என்று கேட்கும்படி அவர்கள் சொல்லவில்லை.

வல்ல நாயன் நம் முன்னோர்களின் கபுர்களை ஒளியாக்கி வைப்பானாக! அவர்கள் தொடங்கிய நன்மைகளைத் தொடரும் பிள்ளைகளாக நம்மை ஆக்கி வைப்பானாக! ஆமீன்.