யாருடைய வேதனை, யாருடைய கட்டுரை?

 



டாக்டராக ஆசைப்படும் பிள்ளை நம்மில் பல வீடுகளில் உண்டு. நம் நாட்டில் எம்.பி.பி.எஸ். இடம் நீட் மதிப்பெண்ணை வைத்துக் கிடைக்கிறது. உன்னைப் பற்றி எழுது என்று அங்கே கேட்பதில்லை. வெளிநாட்டில் படிக்க விண்ணப்பிக்கும் நம் பிள்ளைகளிடம் கேட்கிறார்கள். பிரிட்டனில் யூகாஸ் அமைப்பின் வழியாக, அக்டோபர் 15க்குள், 4,000 எழுத்துகளுக்கு மிகாமல் எழுத வேண்டும். 2026 சேர்க்கையிலிருந்து அதை மூன்று கேள்விகளாகப் பிரித்திருக்கிறார்கள். மூன்றாவது கேள்வி, வகுப்பறைக்கு வெளியே நீ என்ன செய்தாய், அது ஏன் பயன்படும் என்பது. அமெரிக்காவில் 5,300 எழுத்துகளில் ஒரு கட்டுரை. வாழ்க்கையில் பெரிய சோதனைகளைச் சந்தித்தவர்கள் விரும்பினால் அதை எழுத, தனியாக 1,325 எழுத்துகள் இடம் தருகிறார்கள்.

இந்த இடத்தில்தான் பிள்ளை தடுமாறுகிறது. எதை எழுதுவது? பெரியவர்கள் சொல்வார்கள்: "நம்ம எண்ணூர்ல எண்ணெய் கலந்துச்சே, அதை எழுது. படிக்கிறவங்க மனசு இளகும்." இது சரியா? மார்க்கத்தின் வெளிச்சத்தில் யோசிப்போம்.

நெட்டுக்குப்பத்தில் நடந்தது

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து எண்ணெய் கலந்து, கொசஸ்தலை ஆற்றின் முகத்துவாரத்துக்கு வந்து சேர்ந்தது. நெட்டுக்குப்பம், காட்டுக்குப்பம், தாழங்குப்பம் என்று கரையோர ஊர்களில் படகும் வலையும் கறுத்துப் போயின. கூழைக்கடாக்களின் இறகில் எண்ணெய் அப்பியது. மீனவர்களே படகில் போய், மக்கிலும் வாளியிலும் அந்த எண்ணெயை அள்ளினார்கள். அதே மாதம் 26ஆம் தேதி நள்ளிரவு நெருங்கும்போது, பெரியகுப்பத்தில் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்தது. கண் எரிந்து, மூச்சு முட்டி, மக்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வீட்டை விட்டு ஓடினார்கள். பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். அவர்கள் எந்த மதத்தைச் சேர்ந்தவர்களானாலும் நம் அண்டை வீட்டார். அண்டை வீட்டாரின் ஹக் நம் மீது இருக்கிறது.

இரண்டு பிள்ளைகளை நினைத்துப் பாருங்கள். ஒரு பிள்ளை அந்தக் குப்பத்திலேயே பிறந்தது. அப்பாவின் கையில் ஒட்டிய எண்ணெயைத் தேய்த்துக் கழுவியது, அந்த இரவில் பாட்டியைக் கைப்பிடித்து அழைத்துப் போனது. இன்னொரு பிள்ளை விடுமுறைக்கு ஊருக்கு வந்து, பாலத்தின் மேல் நின்று பார்த்து, போனில் நான்கு படம் எடுத்துக்கொண்டு திரும்பியது. முதல் பிள்ளை இதை எழுதலாம், அது அதன் சொந்த வாழ்க்கை. தான் பட்ட கஷ்டத்தைச் சொல்வதில் வெட்கமும் இல்லை, குற்றமும் இல்லை. இரண்டாவது பிள்ளை, "நானும் அம்மக்களோடு நின்றேன்" என்று எழுதினால் என்ன ஆகும்? செய்யாத செயலுக்காகப் புகழப்பட விரும்புகிறவர்களை அல்லாஹ் ஆலு இம்ரான் சூராவின் 188ஆம் வசனத்தில் கடுமையாக எச்சரிக்கிறான். அந்த வரிசையில் போய் நிற்கிறது அந்தக் கட்டுரை.

யூசுஃப் (அலை) அவர்களின் விண்ணப்பம்

அப்படியானால் நம்மைப் பற்றி நல்லதாக எதுவுமே சொல்லக் கூடாதா? சொல்லலாம். யூசுஃப் (அலை) அவர்கள் எகிப்து மன்னரிடம் களஞ்சியப் பொறுப்பைத் தாமே கேட்டார்கள். அப்போது என்ன சொன்னார்கள்? உள்ளத்தை உருக்கும் அனுபவங்கள் அவர்களிடம் எத்தனை இருந்தன! சகோதரர்கள் கிணற்றில் போட்டார்கள், அற்ப விலைக்கு விற்கப்பட்டார்கள், செய்யாத குற்றத்துக்குச் சிறையில் கிடந்தார்கள். மன்னரிடம் இவற்றில் எதையும் அவர்கள் முன்வைக்கவில்லை. தாம் பாதுகாப்பவர், அறிந்தவர் என்ற இரண்டு தகுதிகளை மட்டும் சொன்னார்கள் (12:55). அந்த வேலைக்குத் தேவையானவை அந்த இரண்டும்தான்.

பின்னர் பெற்றோரும் சகோதரர்களும் எகிப்துக்கு வந்து சேர்ந்தபோது, அல்லாஹ் தம்மைச் சிறையிலிருந்து வெளியேற்றியதை நன்றியோடு நினைவுகூர்ந்தார்கள் (12:100). கிணற்றைப் பற்றி வாய் திறக்கவில்லை. கிணற்றைச் சொன்னால் எதிரே நிற்கும் சகோதரர்கள் தலைகுனிவார்கள் என்று தஃப்ஸீர் அறிஞர்கள் இதை விளக்குகிறார்கள். தம் சொந்தக் கதையில்கூட அடுத்தவர் மானம் கலந்திருந்த பகுதியை அந்த நபி மூடி வைத்தார்கள்!

மூன்று கேள்விகள்

ஆகவே பிள்ளைகளே, பேனாவை எடுக்கும் முன் மூன்று கேள்விகளை உங்களிடமே கேளுங்கள்.

முதலாவது: இதை நான் செய்தேனா? அரை மணி நேரம் பார்த்திருந்தால் அரை மணி நேரம் என்றே எழுதுங்கள். பார்த்துவிட்டு வந்து, அமோனியா நுரையீரலை என்ன செய்கிறது என்று தேடிப் படித்திருந்தால் அதை எழுதுங்கள். அந்தத் தேடல் உங்களுடையது.

இரண்டாவது: இதில் வருகிறவர் பக்கத்தில் உட்கார்ந்து படித்தால் முகம் வாடுமா? ஒருவர் அக்கம்பக்கம் திரும்பிப் பார்த்துக்கொண்டு ஒன்றைச் சொன்னால் அது அமானிதம் என்று நபி (ஸல்) அவர்கள் கற்றுத் தந்தார்கள். நோயாளி சொன்னதும், மாமி அழுததும், தம்பியின் வியாதியும் அப்படித்தான். அவரிடம் அனுமதி கேளுங்கள். அனுமதி தந்தாலும், அடையாளம் தெரியாமல் எழுதுங்கள்.

மூன்றாவது: இது என் மீது என்ன கடமையை வைத்தது? ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் நன்னிக்காக ஓபி சீட்டு வாங்க வரிசையில் நின்று, மருந்துச் சீட்டைப் படித்துக் காட்டி, வேளை தவறாமல் சுகர் மாத்திரை கொடுத்த பிள்ளை, "இதில் எழுத என்ன இருக்கிறது?" என்று நினைக்கும். நிறைய இருக்கிறது. மாதக்கணக்கில் அலுக்காமல் செய்த சின்ன அமல், ஒரே நாளில் பார்த்த பெரிய விபத்தைவிட உங்களைப் பற்றி உண்மையாகப் பேசும்.

பெற்றோருக்கும் டாக்டர்களுக்கும்

பெற்றோர்களே! காசு கொடுத்துக் கட்டுரை வாங்கித் தராதீர்கள். ஒரு நாளும் வராத பிள்ளைக்கு, "என் கிளினிக்கில் ஒரு மாதம் இருந்தார்" என்று கையெழுத்துப் போடும் டாக்டர் சகோதரரே, அது பொய்ச் சாட்சி. பெரும் பாவங்களை நபி (ஸல்) அவர்கள் எண்ணிச் சொன்னபோது, சாய்ந்திருந்தவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்து திரும்பத் திரும்ப எச்சரித்தது அதைத்தான்.

டாக்டரின் பாதி வேலை எழுதுவது. நோயாளி சொன்னதை, தான் பார்த்ததை, கொடுத்த மருந்தைக் கேஸ் ஷீட்டில் உள்ளபடி எழுத வேண்டும். பதினெட்டு வயதில் தன் கதையைக் கூட்டி எழுதிப் பழகிய கை, நாளை பிரஷர் பார்க்காமலே ஓர் எண்ணை எழுதாது என்று யார் உத்தரவாதம் தருவது? அந்த எண்ணை நம்பி ஓர் உயிர் படுத்திருக்கும்.

உண்மையை மட்டும் எழுதி இடம் கிடைக்காமல் போனால்? ரிஸ்க் அல்லாஹ்வின் கையில் இருக்கிறது. அது வேறு வாசலில் வரும்.

யா அல்லாஹ்! எங்கள் பிள்ளைகளின் நாவையும் பேனாவையும் பொய்யிலிருந்தும் முகஸ்துதியிலிருந்தும் காப்பாயாக! பயன் தரும் கல்வியை அவர்களுக்குத் தருவாயாக! எண்ணூர்க் கரையில் உழைக்கும் மக்களின் காற்றையும் நீரையும் ரிஸ்கையும் சீராக்குவாயாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.