மரித்த நண்பனுக்கு விளையாட்டால் மரியாதை செய்யலாமா?



நண்பன் ஒருவனின் இறுதிச் சடங்கு முடிந்த கையோடு, அவனுடைய தோழர்கள் மேசையைச் சுற்றி உட்கார்ந்து விளையாடினார்கள் என்று கேள்விப்பட்டால் நீர் என்ன சொல்வீர்? துக்கமறியாதவர்கள் என்று முகம் சுளிப்பீர் அல்லவா? அவசரப்பட்டுத் தீர்ப்பிடாமல், நடந்ததைச் சற்றுக் கேளும்.

1974-ம் ஆண்டு அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்னும் இருவர் உருவாக்கிய ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்ற மேசை விளையாட்டு வெளிவந்தது. நாலைந்து பேர் கூடி உட்காருவார்கள். ஒருவர் கதையை நடத்த, மற்றவர்கள் வீரன், மந்திரவாதி, திருடன் என்று ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்றுப் பேசுவார்கள். அப்பாத்திரத்தின் பலமும் பலவீனமும் ஒரு தாளில் எழுதியிருக்கும். எடுத்த காரியம் பலிக்குமா என்பதைப் பகடை தீர்க்கும். நம் தாயக்கட்டைக்கு நான்கு முகம். அவர்கள் பகடைகளில் இருபது முகமுள்ளதும் உண்டு. வென்றவன், தோற்றவன் என்பது இதில் இல்லை. எல்லாரும் சேர்ந்து ஒரே கதையை வாரக்கணக்கில், சிலர் வருடக்கணக்கில், வளர்ப்பார்கள்.

கைகாக்ஸ் 2008 மார்ச் 4-ம் தேதி, தம் 69-ம் வயதில், விஸ்கான்சின் மாநிலத்து லேக் ஜெனீவா ஊரில் காலமானார். இறுதிச் சடங்குக்குப்பின் குடும்பத்தாரும் நண்பர்களும் அவ்வூர் மண்டபத்தில் கூடி, அவர் நினைவாக விளையாடினார்கள். அந்தக் கூட்டமே 2009 முதல் ‘கேரி கான்’ என்னும் ஆண்டு விழாவாயிற்று.

இது அந்நியர் விநோதம் என்று தள்ளிவிடாதேயும். கிரேக்கக் கவி ஹோமரின் இலியத் காவியத்தில், அக்கிலஸ் தன் ஆருயிர்த் தோழன் பத்ரொக்குலுஸை அடக்கம் செய்தபின் தேரோட்டமும் மல்யுத்தமும் நடத்துகிறான். அவ்வளவு தூரம் போவானேன்? நம் அரவேணு சுற்றுவட்டாரப் படுகர் ஊர்களில், இறந்தவரைச் சுற்றி இசையோடு ஆடி வழியனுப்புவது தொன்றுதொட்ட வழக்கம். அதைக் கண்ட எவரும் அவர்களுக்குத் துக்கமில்லை என்று சொல்லத் துணியார்.

விளையாட்டு தன்னிலே குற்றமோ? அர்ச். தோமாஸ் அக்குவீனாஸ் தமது பெரிய வேதசாஸ்திர நூலில் இக்கேள்வியை ஆராய்ந்து, அளவோடு விளையாடுவதிலும் ஒரு புண்ணியம் உண்டென்று தீர்க்கிறார். ஓயாமல் வளைத்த வில் முறிந்துபோகும் என்று அர்ச். அருளப்பர் உணர்த்திய கதையையும் அங்கே எடுத்துக் காட்டுகிறார்.

ஆகவே நாம் கேட்க வேண்டியது, எப்படி விளையாடினால் அது மரியாதை என்பதே.

இந்த மேசையில் ஒருவன் மரித்தால், அவன் நாற்காலி காலியாகிறது. அவன் பாத்திரமும் பாதிக் கதையில் நின்றுவிடுகிறது. அந்தத் தாளை என்ன செய்வது? பெட்டியில் பத்திரப்படுத்தலாம். கதையிலே அப்பாத்திரத்துக்கு நல்லதொரு முடிவு கொடுக்கலாம். இன்னொருவர் அதை ஏற்றுப் பேசலாமா என்றால், இங்கேதான் எச்சரிக்கை வேண்டும். பாத்திரம் கற்பனை, நண்பன் மெய்யாக வாழ்ந்த மனிதன். அவன் இருந்தால் இதைத்தான் சொல்லியிருப்பான் என்று நம் ஆசையை அவன் வாயில் வைப்பது நட்பாகாது. மரித்தவன் மறுத்துப் பேச முடியாதே! தேயிலைக் காட்டைப் பங்கிடும் பிள்ளைகள், அப்பா மனதில் இருந்தது இதுதான் என்று ஆளுக்கொன்று சொல்வதை நாம் கேட்டதில்லையா?

நாற்காலியின் காரியம் வேறு. இது பலர் கூடி ஆடும் விளையாட்டு. காலி நாற்காலியைத் தொடாமல் காத்திருந்தால் மெல்ல மெல்ல மேசையே கலைந்துபோகும். நண்பன் தந்த சந்தோஷம் அவனோடு புதைந்துபோகும். புதியவன் ஒருவனை அழைத்து, அவ்விடத்தில் இருந்தவனைப்பற்றிச் சொல்லி, அவன் நமக்குக் கற்றுத்தந்த பொறுமையோடு இவனுக்கும் கற்றுக்கொடுத்தால், மரித்தவனின் நற்குணம் அவனை அறியாத ஒருவனுக்கும் போய்ச் சேரும். இதைவிட மேலான நினைவுக்கல் எது?

வாசகரே, உம் நண்பன் விட்டுச்சென்ற இடம் கேரம் பலகையின் ஓரமாயிருக்கலாம், பாடற்குழுவின் கடைசி வரிசையாயிருக்கலாம். முதலில் அவன் ஆத்துமத்துக்காகப் பூசை காணும். அவன் வீட்டாரைப் போய்ப் பார்த்து, குறை என்னவென்று விசாரியும். பிறகு அவ்விடத்தில் ஒருவரை அழைத்து உட்காரவைத்து, மனச்சாட்சி உறுத்தாமல் விளையாடும்.